சேலையைத் திருப்பிப் பார்க்கும் கண்களுக்கு

ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு பட்டு நெசவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, பெரியவர்களே,

நான் உங்கள் தெருவில் பிறந்தவன். தார் சுற்றிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடிய பிள்ளைகளில் ஒருவன். அப்பாவுக்குத் தறி, அம்மாவுக்கு ராட்டினம். எனக்கு மட்டும் கல்லைப் பற்றிய படிப்பு வாய்த்தது. பல வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். கேட்பதற்கு முன்னால் கொஞ்சம் கதை சொல்ல வேண்டியிருக்கிறது. தறியை நிறுத்திவிட்டுப் படிக்க வேண்டாம். சாயங்காலம் தெருத் திண்ணையில் யாராவது ஒருவர் உரக்கப் படித்தால் போதும்.

பாவு இறங்கினால் அடுத்த பாவு ஏறுவதற்குள் தறி இரண்டு மூன்று நாள் சும்மா கிடக்கும். நம் வீடுகளில் திருப்பதிப் பயணம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். மலைப்பாதையில் பஸ் வளைந்து ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே வெட்டிய பாறைச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். கீழ்ப்பகுதியில் அடுக்கே இல்லாத கிரானைட். அதன் தலையில் பலகை பலகையாய் அடுக்கி வைத்தது போல இன்னொரு பாறை. இரண்டும் தொடுகிற கோட்டை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. கீழே இருக்கும் கல்லுக்கும் மேலே இருக்கும் கல்லுக்கும் நடுவில் பல பத்துக் கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. கோவிந்தா சொல்லிக்கொண்டே அந்தக் கோட்டைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் நாம் மேலே போகிறோம்.

அந்த மேலடுக்குகள் ஒரு பழைய கடலின் தென்கோடி. கடப்பாப் படுகை என்று அதற்குப் பெயர். பிறை வடிவத்தில் ஏறத்தாழ 44,500 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது. 1872இல் வில்லியம் கிங் என்ற நிலவியலாளர் அதை முழுக்க நடந்து அளந்து ஒரு பெரிய நூலே எழுதினார். அன்றைக்கு அது சென்னை மாகாணத்து நிலம். நீங்கள் திருப்பதியோடு திரும்பி விடுகிறீர்கள். இன்னும் 140 கிலோமீட்டர் அளவு போனால் கடப்பா. அங்கிருந்து மேற்கே வேம்பல்லி, புலிவெந்துலா. நம் ஊரிலிருந்து நேர்கோடு போட்டால் 200 கிலோமீட்டர்தான். அந்தக் குன்றுகளில் சாம்பல் நிறத்து டோலமைட் என்ற சுண்ணாம்பு வகைப் பாறைகளில் மடிப்பு மடிப்பாய், கவிழ்த்த கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகியது போல, சில இடங்களில் தூண் தூணாய் வரிகள் ஓடும். அவை தாமாக விழுந்த வரிகள் இல்லை. உயிருள்ளவை கட்டியவை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க் கூட்டம் ஒன்று கடலோரத் தண்ணீரில் உட்கார்ந்து, ஒரு படலத்தின் மேல் இன்னொரு படலமாகக் கட்டி எழுப்பியவை.

அவற்றின் வயது? அந்தப் பாறை வரிசைக்குள் பிற்பாடு உருகிய குழம்பு புகுந்து இறுகிய ஒரு தகடு புலிவெந்துலாப் பக்கம் இருக்கிறது. அதன் வயதை அளந்திருக்கிறார்கள்: 188 கோடி ஆண்டு. புகுந்ததே அவ்வளவு பழசு என்றால், புகுவதற்கு இடம் கொடுத்த பாறை அதற்கும் மூத்தது. அரியலூர்ப் பக்கத்துக் கடல் சங்குகள் பத்துக் கோடி ஆண்டு அளவில் பழசு என்று கேட்டு நாம் வாய் பிளப்போம். அந்த வயதை இந்தக் கல்லின் வயதோடு வைத்துப் பாருங்கள்.

இந்தக் கட்டுமானத்துக்கு ஸ்ட்ரோமட்டோலைட் என்று பெயர். 1908இல் எர்ன்ஸ்ட் கால்கோவ்ஸ்கி என்ற ஜெர்மன் நிலவியலாளர் வைத்தது. கிரேக்கத்தில் ஸ்ட்ரோமா என்றால் விரிப்பு. லித்தோஸ் என்றால் கல். விரிப்புக் கல். பெயரை முதன்முதலில் படித்தபோது எனக்கு நம் தெருதான் ஞாபகம் வந்தது.

இது எப்படி உருவாகிறது என்பதைப் புத்தகத்திலிருந்து சொல்ல மாட்டேன். நம் கமண்டல நாகநதிக்கு வாருங்கள். வெள்ளம் வடிந்து குட்டை குட்டையாய்த் தண்ணீர் நிற்கும் மாதம். குட்டை ஓரத்தில் மணல் மேல் பச்சையாய், வழவழப்பாய் ஒரு தோல் படிந்திருக்கும். தண்ணீர் வற்றினால் அந்தத் தோல் காய்ந்து, ஓரம் சுருண்டு, அப்பளம் மாதிரி நிற்கும். ஒன்றை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். கிழியாமல் வரும். அடிப்பக்கத்தில் மணல் பரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு உதறினாலும் பாதி விழாது. அதுதான் இந்தக் கதையின் முதல் இழை.

அந்தத் தோலில் நிறைய வகை நுண்ணுயிர்கள் சேர்ந்து வாழ்கின்றன. அவற்றில் முக்கியமானது, நெல் வயலில் போடச் சொல்லி வேளாண் துறை கொடுக்கும் நீலப்பச்சைப் பாசியின் இனம். பாசி என்று சொன்னாலும் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர். பல வகை இழையாய் நீளும். பட்டின் ஒற்றைத் தந்தி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமன் என்றால், இவற்றில் பல அதைவிடவும் மெலிசு. ஒவ்வொரு இழையும் தன்னைச் சுற்றி ஒரு பிசினைச் சுரக்கும். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு அவித்தால் எடையில் கால் பங்கு வரை கரைந்து போகிறதே ஒரு கோந்து, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டுப்புழு அந்தக் கோந்தால் இழையை இழையோடு ஒட்டிக் கூடு கட்டுகிறது. இந்த நுண்ணுயிரோ தன் பிசினால் கடல் கொண்டுவரும் சேற்றுப் பொடியை, மணலை, சுண்ணாம்புத் துகளைப் பிடித்து ஒட்டிக்கொள்கிறது.

பொடி மேலே மூடிவிட்டால் வெளிச்சம் கிடைக்காது. வெளிச்சம் இல்லாமல் அதற்குச் சாப்பாடு கிடையாது. அதனால் இழைகள் பொடியின் இடுக்கு வழியாக நெளிந்து மேலே வருகின்றன. வந்து மறுபடியும் பின்னிக்கொள்கின்றன. மறுபடி பொடி விழும். மறுபடி மேலே வரும். பின்னுகிற படலம் கறுப்பாய், விழுந்த பொடி வெளுப்பாய், ஒன்று மாற்றி ஒன்று. இதோடு இன்னொரு வேலையும் நடக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை அவை இழுத்துக்கொள்வதால், அந்தச் சின்ன இடத்தில் தண்ணீரின் காரத்தன்மை ஏறுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. நேற்றுவரை மெத்தென்று இருந்த படலம் அடியில் கல்லாகிவிடுகிறது. மேலே மட்டும் உயிரோடு இருக்கிறது.

நெய்த துணி சுருளும் மரத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் நெய்த முந்தி உள்ளே போய்விடும், இன்று நெய்தது மேலே தெரியும். தறியில் எந்த நேரத்திலும் வேலை நடப்பது ஒரே ஒரு கோட்டில்தான். அந்தக் கல்லும் அப்படித்தான். எவ்வளவு உயரம் வளர்ந்தாலும் உயிர் இருப்பது உச்சித் தோலில் மட்டும்.

இனி நான் உங்களுக்கு எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

கடையில் ஒருவர் சேலையை விரித்து ஆரணிப் பட்டு என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? முந்தியைப் பார்க்க மாட்டீர்கள். திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்ப்பீர்கள். ஊடை விழுந்த விதத்தைப் பார்ப்பீர்கள். சந்தேகம் தீராவிட்டால் ஒரு நூலைப் பிரித்துத் தீயில் காட்டி முகர்வீர்கள். முடி கருகும் வாசனை வந்து, விரலில் தேய்த்தால் பொடியாய் உதிர்ந்தால் பட்டு. உருகி மணியாய் இறுகினால் வேறு. கைத்தறியா விசைத்தறியா என்று சொல்ல உங்களுக்குக் கண்ணே போதும். விசைத்தறியில் ஊடைக்கு ஊடை ஒரே அளவு. கைத்தறியில் ஒரு மனுஷனின் காலும் கையும் மூச்சும் போன ஏற்ற இறக்கம் எங்கோ மெலிதாய்த் தெரியும். அதைப் பிடிக்கத் தெரியாதவர் நம் தெருவில் கிடையாது.

நிலவியலாளர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக இந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது இதே கேள்வியைத்தான். இது உயிர் கட்டியதா, தானாக விழுந்ததா?

அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹால் என்ற நிலவியலாளர் 1883இலேயே இப்படி ஒரு கல்லுக்குக் கிரிப்டோசூன் என்று பெயர் வைத்து, உயிர்தான் என்று சொன்னார். கால்கோவ்ஸ்கியும் அதையே சொன்னார். பலர் ஏற்கவில்லை. 1931இல் கேம்பிரிட்ஜின் ஏ. சி. சீவர்ட், தொல்தாவர இயலில் அன்றைக்குப் பெரிய பெயர், இவற்றை உயிரின் வேலை என்று நம்பச் சான்று போதாது என்று எழுதினார். நம் பீர்பல் சஹானிக்கு ஆசிரியர் இந்தச் சீவர்ட்தான். சஹானி பிற்பாடு 1946இல் லக்னோவில் தொடங்கிய தொல்தாவரவியல் நிறுவனம் இன்றைக்கு இந்த ஆதிகாலப் பாறைகளையும் ஆராய்கிறது.

வழக்குக்குச் சாட்சி ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் கிடைத்தது. 1950களின் நடுவில் ஷார்க் விரிகுடாவின் ஹாமெலின் குளம் என்ற உப்பங்கழிப் பகுதியில் நிலவியலாளர்கள் கண்டார்கள்: கற்பாறையில் மட்டுமே பார்த்திருந்த அதே தூண்கள், அதே கவிழ்த்த கிண்ணங்கள், உயிரோடு, முழங்கால் தண்ணீரில் வரிசையாய் நிற்கின்றன. 1961இல் பிரையன் லோகன் அதைப் பற்றி எழுதிய கட்டுரை வெளியானது. வேலை நடக்கிற தறியையே பார்த்த மாதிரி. அதற்குப் பிறகு உயிர் இப்படிக் கட்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. இந்த மாதிரிக் கல் எல்லாமே உயிர் கட்டியதுதானா? 1996இல் ஜான் கிராட்ஸிங்கர், டேனியல் ராத்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: சேறு விழுவதும் சுண்ணாம்பு படிவதும் மட்டுமே சேர்ந்தாலும் இதே மாதிரி உருவம் வர முடியும். அதன் பிறகு ஆராய்கிறவர்கள் உருவத்தை மட்டும் நம்புவதில்லை. வரியைப் பார்க்கிறார்கள். உயிரில்லாமல் வெறும் சுண்ணாம்பு படிந்தால் ஒவ்வொரு வரியும் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாய், விசைத்தறியின் ஊடை போல வரும். வெறும் சேறு விழுந்தால் பள்ளத்தில் கனமாய், மேட்டில் மெலிதாய் விழும். தண்ணீர் அப்படித்தான் கொட்டும். உயிருள்ள படலம் வெளிச்சத்தை நோக்கி ஏறும். அதனால் மேட்டின் உச்சியில் வரி தடிக்கும், பள்ளத்தில் மெலியும். வரி நேர்க்கோடாய் இருக்காது, சின்னச் சின்னதாய்ச் சுருங்கி நெளிந்திருக்கும். சேற்றின் புத்திக்கு நேர்மாறாய் ஒரு வரி உச்சியில் தடித்திருப்பதைப் பார்த்தால், அங்கே ஏதோ ஒன்று மேலே வர ஆசைப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இன்னும் அந்த இடத்தில் விரல் வைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

திருப்பிப் பார்க்காமல் முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. 2016இல் ஆலன் நட்மன் குழு கிரீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுப் பழைய ஸ்ட்ரோமட்டோலைட் கிடைத்ததாகச் சொன்னது. உண்மையானால் உலகிலேயே மூத்தது. 2018இல் அபிகெய்ல் ஆல்வுட் குழு அதே பாறையை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்த்தது. முன்பக்கத்தில் கூம்பாய்த் தெரிந்தது, பக்கவாட்டில் நீண்ட வரப்பாய் ஓடியது. பாறை நெருக்கப்பட்டு மடிந்ததால் வந்த உருவம் என்று அவர்கள் சொன்னார்கள். முதல் குழு விட்டுக்கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் கிடைத்த 348 கோடி ஆண்டுக் கற்களைத்தான் இன்றைக்குப் பெரும்பாலோர் மூத்தவை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

நம் நாட்டில் நடந்தது எனக்கு இதைவிட நெருக்கமான கதை. டேராடூனின் வாடியா இமயமலை நிலவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரஃபத் ஆஸ்மி, மத்திய இந்தியாவின் விந்தியப் பாறைகளில் நுண்ணிய உயிர்ப் படிவங்களைக் கண்டதாக 1998இல் எழுதினார். அவர் சொன்ன வகைப் படிவங்கள் 54 கோடி ஆண்டு அளவில் பழசானவை. பாறையோ அதைவிட மிக மூத்தது என்று மற்ற அளவீடுகள் சொல்லின. இரண்டும் ஒத்துப்போகவில்லை. நம்ப மறுத்தவர்கள் பலர். பிற்பாடு சுவீடனின் ஸ்டெஃபான் பெங்ட்சன் குழு அந்தப் பாறைகள் உள்ள சித்திரகூடத்துக்குப் போய்க் கல்லெடுத்து ஆராய்ந்தது. 2009இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: படிவங்கள் உண்மை, பாறையின் வயதும் 160 கோடி ஆண்டு அளவில்தான். வயதில்தான் ஆஸ்மி தவறியிருந்தார், கண்டதில் தவறவில்லை. 2017இல் அங்கே கிடைத்த சிவப்புப் பாசி போன்ற ஒரு படிவத்துக்கு ரஃபத்ஆஸ்மியா சித்ரகூடென்சிஸ் என்று அவர் பெயரையே வைத்தார்கள். சித்திரகூடத்தில் அந்தப் படிவங்கள் பத்திரமாய்க் கிடந்தது ஸ்ட்ரோமட்டோலைட் அடுக்குகளுக்குள்.

வீட்டில் உட்கார்ந்தபடியே தொடக்கூடிய ஒரு சொந்தக்காரக் கல்லும் உங்களுக்கு இருக்கிறது. நம் அடுப்படி மேடையிலும் அலமாரித் தட்டிலும் கிடக்கிற கறுப்புக் கடப்பாக் கல். அதே படுகையில் பிற்காலத்தில் படிந்த சுண்ணாம்புக் கல். அதில் மேலே சொன்ன கிண்ணங்களைத் தேட வேண்டாம். மெல்லிய சுண்ணாம்புச் சேறு அமைதியான தண்ணீரில் தட்டையாய்ப் படிந்து இறுகியது அது. அதனால்தான் பலகையாய்ப் பிளக்கிறது. எலுமிச்சை பிழிந்த மூடியை அதன் மேல் வைத்துவிட்டு மறந்துபோனால் வட்டமாய் ஒரு வெளுப்பு விழுமே, அம்மாக்கள் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார்களே, அது கறை இல்லை. புளிப்பு பட்டு அந்த இடத்தில் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. கரைந்ததிலிருந்து கிளம்பிய வாயு, என்றோ ஒரு கடலில் கல்லுக்குள் போன கரியமில வாயு.

சரி, நம் ஊர் மலையில் இந்த விரிப்புக் கல் கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்காது. ஆரணியைச் சுற்றி நிற்கும் குன்றுகளும் ஜவ்வாது மலையும் சார்னோக்கைட், நைஸ் வகைப் பாறைகள். 250 கோடி ஆண்டு அளவில், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 பாகைக்கும் மேல் வெந்து வந்தவை. அதற்கு முன்னால் அவற்றில் ஏதாவது மெல்லிய வரி இருந்திருந்தாலும் அந்தச் சூட்டில் அழிந்து போயிருக்கும். சாயக் கொப்பரையில் நூலைப் போட்டுவிட்டு அது எந்தப் புழுவின் கூடு என்று கேட்கிற மாதிரிதான். அவ்வளவு வேகாமல் தப்பித்த மூத்த பாறை வேண்டுமென்றால் கர்நாடகத்தின் சித்ரதுர்கா பக்கம் போக வேண்டும். அங்கே 260 கோடி ஆண்டு அளவில் பழைய ஸ்ட்ரோமட்டோலைட்டுகள் இருக்கின்றன.

ஆனாலும் நம் மாவட்டத்தில் அந்தக் காலத்தின் வேறொரு சுவடு நிற்கிறது. திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கவுத்தி மலை, வேடியப்பன் மலை. இரும்புத்தாது வெட்ட வேண்டாம் என்று சுற்றுவட்டார ஊர்கள் பல வருஷம் போராடிய மலைகள். அந்தத் தாது பட்டை பட்டையாய் ஓடும். ஒரு பட்டை கறுப்பு மேக்னடைட், ஒரு பட்டை வெளுத்த குவார்ட்ஸ். ஆதியில் கடல் தண்ணீரில் இரும்பு கரைந்தே இருந்தது. காற்றிலும் நீரிலும் பிராணவாயு இல்லாததால் துருப் பிடிக்க வழியில்லை. வெளிச்சத்தைத் தின்று பிராணவாயுவைக் கழிவாய் வெளியே விட்ட இந்த நுண்ணுயிர்கள் பெருகப் பெருக, இரும்பு துருவாகிக் கடலடியில் படிந்தது. இந்த மாதிரிப் பட்டை இரும்புப் பாறைகள் உலகெங்கும் படிந்ததில் நுண்ணுயிர்களுக்குப் பங்கு உண்டு என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. கரைந்த இரும்பு தீரத் தீர, மிஞ்சிய வாயு காற்றில் கலக்கத் தொடங்கியது. அது 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். வேம்பல்லிக் கல்லைக் கட்டியவர்கள் அதற்குப் பிறகு வந்த தலைமுறை. தறிக்குழியில் உட்கார்ந்து நீங்கள் இழுக்கிற மூச்சில் அவர்கள் பரம்பரையின் பங்கு இருக்கிறது.

உலகம் முழுக்க ஆழமில்லாத கடலோரமெல்லாம் ஒரு காலத்தில் இவர்களுடையது. பிறகு நத்தை மாதிரி மேய்கிற பிராணிகள் வந்தன. மெத்தென்ற படலத்தை அவை வழித்துத் தின்றுவிட்டன. இன்று ஹாமெலின் குளத்தில் அவை பெருகி நிற்பதற்குக் காரணம், அங்கே தண்ணீர் சாதாரணக் கடலைப் போல இரண்டு மடங்கு உப்பு; நத்தைகளுக்கு அங்கே காலம் தள்ள முடியாது. உப்பு இருக்கும்வரை உயிர். அங்கேயும் வளர்ச்சி ஆண்டுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. நூறு வருஷத்துக்கும் முன்னால் கம்பளி மூட்டை ஏற்றிய வண்டிகள் அந்தக் கரையில் படலத்தின் மேல் ஓடி இறங்கின. சக்கரத் தடம் இன்னும் அப்படியே தெரிகிறது. ஒரு வண்டி ஒரு நாள் போட்ட கிழிசலைத் தைக்க நூறு வருஷம் போதவில்லை. 1991இல் அந்த விரிகுடாவை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தார்கள்.

இங்கே நிலைமை எப்படி? சில இடங்களைப் பெயர் சொல்லிக் காக்கிறார்கள். ராஜஸ்தானில் உதய்ப்பூருக்குப் பக்கத்து ஜாமர்கோட்ரா, சித்தோர்கட் பக்கத்துப் போஜுந்தா, உத்தரப்பிரதேசத்து சோன்பத்ராவின் சல்கன், சிக்கிமில் நாம்ச்சிக்கு அருகே மாம்லே. ஜாமர்கோட்ராவில் அந்தத் தூண்களிலேயே பாஸ்பேட் செறிந்திருக்கிறது. அதனால் உரத்துக்காக அதே பாறையை வெட்டியும் எடுக்கிறார்கள். நிலவியல் பாரம்பரிய இடங்களைக் காக்கச் சட்ட வரைவு ஒன்றைச் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டது. கோயில் தூணை ஒருவன் உடைத்தால் ஊரே கூடும். இந்தத் தூண் ஜல்லியாய் லாரியில் போனால் கேட்க ஆளில்லை, ஏனென்றால் அது தூண் என்று தெரிந்தவர்கள் குறைவு. சுண்ணாம்பும் டோலமைட்டும் தொழிலுக்கு வேண்டியவைதான், அதை நான் மறுக்கவில்லை. எந்த இடத்தை வெட்டலாம், எந்த இடத்தை விட்டுவைக்க வேண்டும் என்று சொல்லப் பார்க்கத் தெரிந்த கண்கள் வேண்டும். அவ்வளவுதான் என் கவலை.

அதனால்தான் உங்களிடம் வருகிறேன். ஒரு வரியின் தடிமன் இன்னொரு வரியின் தடிமனிலிருந்து மாறுவதைப் பிடிக்கிற பழக்கம் உங்கள் கண்ணில் ஏற்கனவே இருக்கிறது. கல்லூரியில் எனக்கு அதைப் பிடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று, என் அப்பாவிடம் ஒரு துண்டுக் கல்லைக் காட்டினேன், அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்க மேட்டுல அழுத்தம் ஜாஸ்தியா விழுந்திருக்கேப்பா, ஏன்?" என்று கேட்டார். படிப்பு இல்லாதவர். கேட்டது சரியான கேள்வி. அவருக்கு நான் பதில் சொன்ன அந்த மத்தியானத்தை மறக்கவே மாட்டேன்.

என் விண்ணப்பம் இதுதான். அடுத்த முறை தெருவோடு திருப்பதி போகும்போது ஒரு நாள் அதிகமாய் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிக்கொள்ளுங்கள். தறியை விட்டுப் போக நினைக்கிற பிள்ளைகளையும்தான். ஏறும்போதே மலைப்பாதையில் அந்தக் கோட்டைக் காட்டிவிடுங்கள். தரிசனம் முடிந்து கடப்பாவில் இரவு தங்கி, விடிந்ததும் வேம்பல்லிப் பக்கம் கிளம்ப வேண்டும். பதினொரு மணிக்குப் போய் நிற்பதில் பிரயோசனம் இல்லை, உச்சி வெயிலில் மேடு பள்ளம் கண்ணில் படாது. ஏழு மணிச் சாய்வெயிலில் ஒவ்வொரு வரிக்கும் நிழல் விழும். டோலமைட் வெளிப்பக்கம் யானைத்தோல் மாதிரி வெடித்துக் கிடக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மழைத் தண்ணீர் ஓடி வழவழப்பான இடத்தைத் தேடி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். சாயத்திலிருந்து எடுத்த நூல் மாதிரி நிறம் ஏறி வரிகள் தெளிந்து வரும். எலுமிச்சை அங்கே வேலை செய்யாது. டோலமைட் அவ்வளவு சுலபத்தில் பொங்காது. சுத்தியல் வேண்டாம். ஒரு துண்டுகூட எடுத்து வர வேண்டாம்.

நூல் எண்ணுகிற லென்ஸ் வைத்திருப்பவர்கள் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கல்லுக்குப் பயன்படுத்துவதும் கிட்டத்தட்ட அதே கண்ணாடிதான். பிள்ளைகள் முதலில் வரியை எண்ணட்டும், பிறகு உச்சியிலும் பள்ளத்திலும் தடிமனைப் பார்க்கட்டும். எது உயிர் கட்டியது, எது தானாக விழுந்தது என்று அவர்களே சொல்லட்டும். நான் பக்கத்தில் நிற்பேன், முந்திக்கொண்டு சொல்ல மாட்டேன்.

எந்த வாரம் பாவு இறங்குகிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தெருவில் பிறந்த ஒரு வாத்தியார்